ஆடை களைந்த இயந்திரம்

மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களிடையே 'நேக்கட்' என்றொரு வகைப்பெயர் புழக்கத்தில் இருக்கிறது. எஞ்சினையும் சட்டகத்தையும் மறைக்கும் பிளாஸ்டிக் உறை ஏதுமில்லாத, ஆனால் பந்தய வண்டிக்கு நெருக்கமான திறன் கொண்ட சாலை வண்டிகளை அப்பெயரால் குறிக்கிறார்கள். தமிழில் நேரடியாகச் சொன்னால் நிர்வாண வண்டி. முதன்முறை கேட்பவருக்கு இது விளம்பரக்காரர் இட்ட பெயராகத் தோன்றக்கூடும். உண்மையில் அப்பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பிராய்லர் கோழி வரும்வரை நம் ஊர்களில் நாட்டுக்கோழி என்ற சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. கோழி என்றால் கோழிதான். புதியது வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே பழையதற்கு அடைமொழி தேவைப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே நேர்ந்தது. பிறந்த நாள் முதல் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்காலம் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் நிர்வாணமாகவே இருந்தன. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டை எவரும் நிர்வாண வண்டி என்று அழைத்ததில்லை. அதன் எஞ்சின் கண்ணுக்குத் தெரிந்தது என்பது சொல்லத்தக்க ஒரு சிறப்பாகவே அன்று கருதப்படவில்லை.

ஆகவே நிர்வாண வண்டியின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் ஆடையின் வரலாற்றை எழுதியாக வேண்டும். வண்டிகள் ஏன் உடுத்திக்கொண்டன, பிறகு யார் எதற்காக அவற்றைக் களைந்தார்கள், களைந்தபின் தெரிந்தது என்ன என்ற மூன்று கேள்விகளை இத்தாலியின் டுகாட்டி மான்ஸ்டர் என்ற வண்டியை முன்வைத்து இங்கே பார்க்கலாம். இவ்வகையின் மிகப் புகழ்பெற்ற வண்டி அதுதான். இவ்வகை பின்னாளில் அடைந்த மாற்றங்களும் அதன் உடலிலேயே பதிந்திருக்கின்றன.

*

ஆடைக்குக் காரணம் காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வென்று செல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் பெரிதாகத் தெரியாத காற்று, 200 கிலோமீட்டரில் ஒரு சுவர். கார் ஓட்டுபவர் அச்சுவரைக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து சந்திக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் மார்பே பாய்மரம். ஆகவே பந்தயத்தில் எஞ்சினுக்கு மேலும் சில குதிரைத்திறன்களைச் சேர்ப்பதைவிட, ஓட்டுநரையும் எஞ்சினையும் ஒழுங்கான வளைவுள்ள உறைக்குள் வைப்பது மலிவான வழி என்பதைப் பொறியாளர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள்.

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மண்டெல்லோ என்னும் ஊரில் உள்ள மோட்டோ குஸ்ஸி நிறுவனம், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் முழு வண்டியையே நிறுத்திச் சோதிக்கத்தக்க காற்றுச்சுரங்கத்தை 1950-இல் தன் ஆலைக்குள் அமைத்தது. முன்சக்கரம் உட்பட அனைத்தையும் மூடிய பேருறைகள் ஐம்பதுகளின் பந்தயத்தளங்களில் தோன்றின. அவற்றின் தோற்றத்தைக் கண்டு ஆங்கிலேயர் 'குப்பைத்தொட்டி' என்று பெயரிட்டனர். அவை வேகத்தைத் தந்தன. கூடவே ஆபத்தையும் தந்தன. பக்கவாட்டில் காற்று அடித்தால் வண்டியே பாய்போல விலகிச் சென்றது. 1957-ஆம் ஆண்டுப் பந்தயங்களுடன் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடைசெய்தது. முன்சக்கரம் வெளியே தெரியும் உறைகளே அதன்பின் பந்தயத்தில் எஞ்சின.

சாலை வண்டிகளுக்கு ஆடை வர மேலும் சில காலம் ஆயிற்று. பிரிட்டனில் ஐம்பதுகளிலேயே வின்சென்ட், ஏரியல் போன்ற நிறுவனங்கள் மூடிய வண்டிகளைச் செய்து பார்த்தன. அவை ஒரு பொதுப் போக்காக வேர்விடவில்லை. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750, 1972-இல் வந்த கவாஸாகி இஸட்1 ஆகிய வண்டிகள் நான்கு சிலிண்டர்களைக் கொண்டு வேகத்தின் எல்லையை மாற்றியமைத்தபோதும் அவற்றின் எஞ்சின்கள் திறந்தே இருந்தன. 82 குதிரைத்திறன் கொண்ட இஸட்1-ஐ முழு வேகத்தில் ஓட்டுபவர் கைப்பிடியில் தொங்கிக்கொண்டுதான் சென்றார். 1976-இல் பிஎம்டபிள்யூ, காற்றுச்சுரங்கத்தில் வடிவமைத்த முழு உறையுடன் ஆர்100ஆர்எஸ் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985-இல் சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வந்தது. அது பந்தயத்தளத்திலிருந்து நேராகத் தெருவுக்கு இறக்கிவிட்டதுபோல இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் விரைவு வண்டி என்றாலே உறையிட்ட வண்டி என்றாகிவிட்டது.

இங்கே காற்றுடன் தொடர்பில்லாத இன்னொரு காரணமும் வேலை செய்தது. உறை வந்தபின் எஞ்சின் அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினுக்குக் குழாய்களும் பம்பும் ரேடியேட்டரும் தேவை. காற்றால் குளிரும் எஞ்சினின் துடுப்புகள் போல அவற்றில் பார்க்க ஒன்றுமில்லை. அவற்றை எங்கு வசதியோ அங்கே பொருத்தி, மேலே வண்ணமடித்த பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால் போதும். 1987-இல் வந்த ஹோண்டா சிபிஆர் வண்டிகளில் எஞ்சினின் பெரும்பகுதி பார்வையிலிருந்தே மறைந்துவிட்டது. அவை மிக நல்ல வண்டிகள். பல்லாண்டுகள் பழுதின்றி ஓடியவை. ஆனால் அவற்றின் உரிமையாளர் தம் வண்டியின் எஞ்சினைப் பார்க்கவே திருப்புளி தேட வேண்டியிருந்தது. கார் வைத்திருப்பவருக்கும் காரின் எஞ்சினுக்கும் இருந்த தூரம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது.

*

களைதல் ஒரே இடத்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் அதற்குக் காரணம் பந்தய விதி. அங்கே 1976 முதல் நடந்த சூப்பர்பைக் தேசியப் பந்தயங்களில், கடைகளில் விற்கும் சாலை வண்டிகளையே திருத்தி ஓட்ட வேண்டும். ஆகவே உயர்ந்த கைப்பிடியும் திறந்த எஞ்சினுமாகப் பெரிய ஜப்பானிய வண்டிகள் பந்தயத்தளத்தில் முட்டி மோதின. 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கவாஸாகியில் அவ்விதம் ஓட்டிப் பட்டம் வென்றவர் எட்டி லாஸன். நிமிர்ந்து அமர்ந்து, முழங்கைகளை விரித்து, அலைபாயும் வண்டியை அடக்கி ஓட்டும் அவருடைய தோற்றம் ஒரு தலைமுறையின் நினைவில் நின்றது.

பிரிட்டனில் காரணம் பணம். உறையிட்ட விரைவு வண்டி ஒருமுறை சாய்ந்தாலே பிளாஸ்டிக் நொறுங்கும். புதிய உறையின் விலையைக் கேட்டபின் பல இளைஞர்கள் அதை வாங்கவேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். உடைந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு உருண்டை விளக்குகளையும் ஒரு நேர் கைப்பிடியையும் பொருத்தி, நசுங்கிய பந்தய வண்டியைத் தெருவில் ஓட்டினார்கள். 'தெருச்சண்டைக்காரன்' என்று பொருள்படும் பெயர் அவ்வண்டிகளுக்கு வந்தது. இன்று பெருநிறுவனங்கள் மிக உயர்ந்த விலைக்கு விற்கும் வண்டிகளுக்கு அதே பெயர் சூட்டப்படுகிறது. அதன் மூலத்தில் இருந்தது கைக்காசு இல்லாத ஒருவரின் தீர்வு.

ஜப்பானில் காரணம் ஏக்கம். 1989-இல் கவாஸாகி வெளியிட்ட ஸெஃபிர், எழுபதுகளின் வண்டிகளை நினைவூட்டும் உருவமும் காற்றால் குளிரும் எஞ்சினும் கொண்டிருந்தது. திறனில் அது தன் காலத்து விரைவு வண்டிகளுக்கு நெடுந்தொலைவு பின்னால் நின்றது. இருந்தும் நன்றாக விற்றது. ஹோண்டாவும் சுஸுகியும் தம் பங்குக்கு அத்தகைய வண்டிகளைக் கொண்டுவந்தன. நேக்கட் என்னும் சொல் அங்கே முறையான விற்பனை வகையாக நிலைபெற்றது.

எனவே மான்ஸ்டரே முதல் நிர்வாண வண்டி என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியல்ல. அதன் இடம் வேறு. விதியாலோ வறுமையாலோ ஏக்கத்தாலோ அல்லாமல், திறந்த இயந்திரம் என்பதையே இக்காலத்துக்குரிய ஒரு வடிவக் கொள்கையாக முன்வைத்து, அதற்குப் பந்தய வண்டியின் எலும்புகளையும் அளித்தது மான்ஸ்டர்தான். அப்படிச் செய்ய அதற்கு முடிந்ததற்கான காரணம் அது பிறந்த ஆலையின் வரலாற்றில் இருக்கிறது.

*

டுகாட்டி தொடங்கப்பட்டது மோட்டார் சைக்கிள் செய்வதற்காக அல்ல. பொலோன்யா நகரில் அந்தோனியோ கவாலியேரி டுகாட்டியும் அவருடைய மூன்று மகன்களும் 1926-இல் வானொலிக் கருவிகளுக்கான உதிரிப்பாகங்கள் செய்ய அதைத் தொடங்கினார்கள். நகரின் விளிம்பில் உள்ள போர்கோ பனிகாலேயில் முப்பதுகளில் எழுந்த அவர்களுடைய ஆலை, 1944 அக்டோபர் 12 அன்று நேசநாடுகளின் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபின் இத்தாலிக்கு உடனடியாகத் தேவைப்பட்டது மலிவான போக்குவரத்து. ஆல்டோ ஃபரினெல்லி வடிவமைத்த, சைக்கிளில் பொருத்தத்தக்க 48 சிசி எஞ்சினை அந்த ஆலை 1946 முதல் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பெயர் குச்சோலோ, அதாவது நாய்க்குட்டி. இரும்பும் எரிபொருளும் பற்றாக்குறையாக இருந்த நாட்டில் சைக்கிளின் நடுவே குரைத்துக்கொண்டு ஓடிய அந்தச் சிறு எஞ்சின்தான் டுகாட்டியை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

1954-இல் ஃபாபியோ டாலியோனி என்ற பொறியாளர் அங்கே சேர்ந்தார். டுகாட்டி என்றதும் இன்று நினைவுக்கு வரும் பெரும்பாலானவை அவருடைய மேசையில் உருவானவை. அவற்றுள் முதன்மையானது டெஸ்மோட்ரோமிக் வால்வு. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது சுருள்வில். சுழற்சி மிக வேகமாகும்போது சுருள்வில்லால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. டெஸ்மோ முறையில் வால்வை மூடுவதற்கும் தனியாக ஒரு கேமும் நெம்புகோலும் உண்டு. வில்லின் தயவு தேவையில்லை. மெர்சிடிஸ் போன்றோர் முன்பே கையாண்ட முறைதான் இது. ஆனால் அதை மோட்டார் சைக்கிளில் நிலைநிறுத்தி, 1956-இல் ஸ்வீடன் பந்தயத்தில் வென்று, 1968 முதல் சாலை வண்டிகளுக்கும் கொண்டுவந்தவர் டாலியோனி.

அடுத்தது, ஒன்றுக்கொன்று 90 பாகையில் அமைந்த இரண்டு சிலிண்டர்கள். ஒன்று ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். மற்றது முன்சக்கரத்தை நோக்கிப் படுத்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எல்' எழுத்துப் போன்ற தோற்றம். இவ்வமைப்பு அதிர்வைத் தானே சமன்செய்துகொள்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கும் காற்றும் கிடைக்கிறது. 1972 ஏப்ரலில் இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் இந்த எஞ்சினைக் கொண்டு முதலிடம் பெற்றபோது, அரசுப் பொறுப்பில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு ஆலையை உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபதுகளின் இறுதியில் வந்த பந்தா வண்டியில் மூன்றாவது அடையாளமும் சேர்ந்தது: சிறு எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த பின்னல் சட்டகம். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் நாம் பார்க்கும் அதே தத்துவம். குறைந்த எடையில் மிகுந்த விறைப்பு.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். டுகாட்டியில் பார்க்கத்தக்க ஒன்று உள்ளே இருந்தது. சட்டகத்தைப் பார்த்தாலே சுமை எவ்வழியாகச் செல்கிறது என்று படிக்க முடியும். எஞ்சினைப் பார்த்தாலே அது காற்றை எங்கிருந்து வாங்கி வெப்பத்தை எங்கே விடுகிறது என்று தெரியும்.

விந்தை என்னவென்றால் டுகாட்டியும் காலத்தின் போக்குக்கு விலக்காக இருக்கவில்லை. 1985-இல் காஸ்டிலியோனி சகோதரர்களின் கஜீவா நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த பாசோ வண்டியில், மாஸிமோ டாம்புரினி எஞ்சினையும் சட்டகத்தையும் முழுவதுமாக உறைக்குள் மறைத்தார். டாலியோனிக்குப் பின் வந்த மாஸிமோ போர்டி நீரால் குளிரும் 851 எஞ்சினை உருவாக்கினார். 1990 முதல் உலக சூப்பர்பைக் பட்டங்கள் வரத் தொடங்கின. அந்த வெற்றி வண்டிகளின் எஞ்சினும் உறைக்குள்தான் இருந்தது.

*

மிகேல் கல்லுட்ஸி அர்ஜென்டினாவில் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் உள்ள வடிவமைப்புக் கல்லூரியில் பயின்றவர். ஓப்பல், ஹோண்டா நிறுவனங்களில் பணிபுரிந்துவிட்டு எண்பதுகளின் இறுதியில் கஜீவாவுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளுக்குத் தேவையானவை இருக்கை, டாங்கி, எஞ்சின், இரண்டு சக்கரங்கள், ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் என்பது அவருடைய கொள்கை. அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆலையின் உதிரிப்பாகக் கிடங்கிலேயே எல்லாம் கிடந்தன. சட்டகத்தின் அடிப்படை பந்தய மரபில் வந்த 851, 888 வண்டிகளுடையது. எஞ்சின் 900 சூப்பர்ஸ்போர்ட்டின் காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் 904 சிசி இரட்டைச் சிலிண்டர். முன் ஃபோர்க் 750 சூப்பர்ஸ்போர்ட்டிலிருந்து வந்தது. இவற்றின் மேல் அவர் செதுக்கிய டாங்கி ஒன்று அமர்ந்தது. குனிந்து பாயத் தயாராக இருக்கும் விலங்கின் தோள்போல. முன்னால் ஓர் உருண்டை விளக்கு. 1992 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அது பார்வைக்கு வைக்கப்பட்டு, 1993-இல் விற்பனைக்கு வந்தது.

உதிரிப்பாகங்களைக் கொண்டே செய்ததால் முதலீடு குறைவு. ஆலைக்கு அது அவசியமான சிக்கனம். 1995-96-இல் கஜீவா பணமுடையில் சிக்கி, பாகங்கள் தருவோருக்குப் பணம் கொடுக்க முடியாமல் உற்பத்தியே தடுமாறியது. 1996-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டெக்சஸ் பசிஃபிக் உள்ளே வந்தது. அந்நெருக்கடியைக் கடக்க உதவியவற்றுள் மான்ஸ்டருக்குப் பெரும் பங்குண்டு. 2005-இல் டுகாட்டியின் உலகளாவிய விற்பனையில் பாதிக்குமேல் மான்ஸ்டர் வகைகளே. பட்டங்களை வென்று புகழ் சேர்த்தவை உறையிட்ட வண்டிகள்; ஆலையின் அடுப்பை எரியவைத்தது உறையற்ற வண்டி.

வண்டி எப்படிப்பட்டது? முதல் எம்900-இன் திறன் ஏறத்தாழ 73 குதிரைத்திறன்; எரிபொருளும் எண்ணெயும் இல்லாத எடை 185 கிலோகிராமை ஒட்டியது. அன்றைய ஜப்பானிய வண்டிகளுடன் வைத்துப் பார்த்தால் இந்த எண்களில் பெருமைப்பட எதுவுமில்லை. ஆனால் அந்த எஞ்சின் தன் விசையைக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடுவது. கியரை மாற்றிமாற்றி எஞ்சினைக் கத்தவிடாமல், வளைவிலிருந்து வெளிவரும்போது பிடியை முறுக்கினால் போதும். பின்சக்கரம் தரையைப் பற்றித் தள்ளுவதை இருக்கையில் உணரலாம். பந்தய வண்டிக்காகச் செய்த சட்டகம் என்பதால் சாலை வேகங்களில் அது அசைந்துகொடுப்பதே இல்லை. அகன்ற கைப்பிடி நெம்புகோலாக உதவ, மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் வண்டியைக் கைவிரலால் திருப்புவதுபோலத் திருப்பலாம். பிரெம்போ பிரேக்குகள் அவ்வெடைக்குத் தேவைக்கும் மேலானவை.

குறைகளும் வெளிப்படையானவை. முன்சக்கரம் மிகக் குறைந்த கோணமே திரும்பும் என்பதால் குறுகிய தெருவில் வண்டியைத் திருப்புவது பெரும்பாடு. உலர் கிளட்ச் நின்றநிலையில் தகரப் பெட்டிக்குள் சோழிகளைக் குலுக்கியதுபோல ஓசையிடும். வேகமானி உண்டு, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானி முதல் வண்டியில் இல்லை. டெஸ்மோ வால்வுகளைச் சீராக வைத்திருக்கப் பயிற்சியுள்ள கைகள் வேண்டும். கேமை ஓட்டும் ரப்பர் பட்டையைக் குறித்த காலத்துக்குள் மாற்றாவிட்டால், அது அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் நிலை வரும். ஏழை வண்டியின் எளிமை அல்ல இது. திறந்திருப்பதால் எளியது என்று நம்பிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. மணிக்கு 130 கிலோமீட்டரைக் கடந்ததும் அது ஓட்டுநரின் மார்பில் கைவைத்துத் தள்ளத் தொடங்குகிறது. 160-இல் கழுத்து வலிக்கிறது. வண்டி மேலும் போகும். உடல் போதும் என்கிறது. இதைக் குறையாகவே பல மதிப்புரைகள் எழுதின. என் பார்வையில் இதுவே அவ்வண்டியின் அடிப்படை நேர்மை. உறையிட்ட வண்டி வேகத்தை ஓட்டுநரிடமிருந்து மறைக்கிறது. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். திறந்த வண்டியில் வேகம் என்பது தசைகள் செலுத்தியாக வேண்டிய கட்டணம். 73 குதிரைத்திறனுக்கும் ஒரு மனித உடலின் தாங்குதிறனுக்கும் இடையே ஏதோவொரு பொருத்தம் இருந்தது.

*

அப்பொருத்தம் நீடிக்கவில்லை. மான்ஸ்டரின் வெற்றியைக் கண்டு மற்றவர்களும் இவ்வழியில் வந்தார்கள். பிரிட்டனில் ஜான் புளூர் மீட்டெடுத்த டிரையம்ஃப் நிறுவனம் 1994-இல் ஸ்பீட் டிரிபிள் வண்டியைக் கொண்டுவந்தது. 1997-இல் அதற்கு இரண்டு உருண்டை விளக்குகளை வைத்து, தெருச்சண்டைக்காரர்களின் கைவேலையை ஆலை வடிவமாக்கியது. பாசோவை மூடிய அதே டாம்புரினி, எம்வி அகுஸ்டாவுக்காக புருட்டாலே என்னும் திறந்த வண்டியை வரைந்தார். 2002-இல் அப்ரிலியா துவோனோ, 2005-இல் கேடிஎம் சூப்பர் டியூக் என்று வரிசை நீண்டது. முழுப் பந்தய எஞ்சினை அப்படியே எடுத்து உறையை மட்டும் நீக்கித் தருவது வழக்கமாயிற்று.

போட்டி தொடங்கியபின் திறன் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மான்ஸ்டரே 2001-இல் 916 பந்தய எஞ்சினையும் ரேடியேட்டரையும் ஏற்றுக்கொண்டது. 2006-இன் எஸ்4ஆர்எஸ் 130 குதிரைத்திறன் கொண்டது. கேடிஎம்மின் 1290 சூப்பர் டியூக் 2014-இல் 180-ஐத் தொட்டது. 2020-இல் வந்த டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4-இன் திறன் 208 குதிரைத்திறன். முதல் மான்ஸ்டரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் முன்சக்கரம் விசையில் மேலே எழாமல் இருக்க இருபுறமும் இறக்கைகள் வைக்கப்பட்டன. 270 கிலோமீட்டர் வேகத்தில் அவை 28 கிலோகிராம் அளவுக்கு வண்டியைக் கீழே அழுத்தும் என்று நிறுவனம் அறிவித்தது. காற்றுக்காக உடுத்திய உறையைக் கழற்றிய வண்டி, காற்றுக்காகவே இறக்கை அணிந்தது. திறந்த மார்புடன் 270-இல் செல்லும் மனிதர் யார் என்ற கேள்விக்கு அந்த இறக்கைகளிடம் பதில் இல்லை. வண்டியின் திறன் மனிதத் தசையின் எல்லையைக் கடந்தபின், அதை அடக்கிவைப்பது சக்கரச் சுழற்சியையும் சாய்கோணத்தையும் நொடிக்கு நொடி அளக்கும் கணினிதான்.

2021-இல் வந்த மான்ஸ்டர் இன்னொரு முறிவு. 937 சிசி, 111 குதிரைத்திறன், வெறும் எடை 166 கிலோகிராம். எஃகுப் பின்னல் சட்டகம் அதில் இல்லை. எஞ்சினையே உடலின் பகுதியாக்கி, தலைப்பகுதியில் மட்டும் ஒரு சிறு அலுமினியச் சட்டகத்தைப் பொருத்தினார்கள். டாங்கி என்று நாம் பார்த்தது ஓர் ஓடு. 2024-இல் டுகாட்டி அறிமுகப்படுத்திய புதிய 890 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் டெஸ்மோவும் இல்லை; சுருள்வில் திரும்பி வந்துவிட்டது. எழுபதாண்டுக்கால மரபு நடுத்தர வண்டிகளில் இப்படி அமைதியாக விலகியது.

பழைய ஆர்வலர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய ஆற்றாமை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் இங்கே சற்று நிதானம் வேண்டும். 2021-இன் வண்டி முதல் மான்ஸ்டரைவிடப் பத்தொன்பது கிலோகிராம் குறைந்த எடையுடன் அதிகத் திறனைத் தருகிறது. அதன் பிரேக் அமைப்பு மழைச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. பழைய வண்டியில் அந்த நொடியில் உதவ எதுவுமில்லை. சுருள்வில் எஞ்சின் பணிமனைச் செலவைக் குறைக்கிறது. உயிரையும் பணத்தையும் காப்பவற்றை ஏக்கத்தின் பெயரால் மறுப்பது அழகியல் ஆகாது. டாலியோனி சுருள்வில்லைக் கைவிட்டது மரபுக்காக அல்ல. அவர் காலத்து வில்லின் எஃகு போதாது என்பதற்காக. நல்ல எஃகு கிடைத்திருந்தால் அவரே வில்லைத் தேர்ந்திருக்கக் கூடும்.

என் வினா வேறு இடத்தில் இருக்கிறது. 1993-இன் வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் வேலை செய்துகொண்டிருந்தது. குழாய் சுமையைத் தாங்கியது. துடுப்பு வெப்பத்தை விட்டது. அதன் டாங்கியை முன்புறமாகத் தூக்கிப் பார்த்தால் வண்டி தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். இன்றைய நிர்வாண வண்டிகளில் பலவற்றில் டாங்கியின் பக்கங்களில் துருத்தும் தகடுகளும் போலிக் காற்றுவழிகளும் இருக்கின்றன. திறந்திருப்பதான தோற்றத்தை அவை தருகின்றன. உண்மையில் வண்டியை ஓட்டும் முடிவுகள் இருக்கைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் எடுக்கப்படுகின்றன. அதைத் திறந்து பார்ப்பதற்கான கருவி உரிமையாளரிடம் இல்லை. நிர்வாணம் ஓர் ஆடையாகிவிட்டது.

நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. 2013-இல் பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக, 2015-இல் உலகுக்குக் காட்டப்பட்ட ஜி310ஆர் என்னும் உறையற்ற வண்டி ஓசூரில் தயாராகிப் பல நாடுகளுக்குச் சென்றது. 313 சிசி, 34 குதிரைத்திறன். சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்தது. காற்று முன்னிருந்து உள்ளே நுழைந்து, புகை பின்புறமாக வெளியேறும். அவ்வமைப்பை வெளியிலிருந்தே ஓரளவு படித்தறியலாம். 2023-இல் அதே ஆலைக்குழுமத்திலிருந்து அப்பாச்சி ஆர்டிஆர் 310 வந்தது. பொலோன்யாவின் மரபுடன் ஒப்பிட இவை சிறியவை. ஆனால் மனித உடல் தாங்கும் காற்றுக்கும் எஞ்சின் தரும் விசைக்கும் இடையிலான அந்தப் பழைய பொருத்தம், 208 குதிரைத்திறனுக்குக் கிட்டாத அப்பொருத்தம், இத்தகைய சிறு வண்டிகளிலேயே மிஞ்சியிருக்கிறது.

திறந்த வண்டியை மதிப்பிடுபவர் அதன் திறனையும் வேகத்தையும் அளப்பதற்கு முன் அதனருகே சற்று நின்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பாகங்களில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன, எத்தனை பார்வைக்காக ஒட்டப்பட்டவை என்று எண்ணிப் பார்க்கலாம். போர்கோ பனிகாலேயின் கிடங்கில் கிடந்த பாகங்களைப் பொறுக்கியெடுத்துக் கல்லுட்ஸி செய்த வண்டி, அப்படி எண்ணுபவருக்கு ஒளிக்க எதுவுமின்றி நின்றது.